பர்வல் விற்கிற கடையில் சின்ன வெங்காயம் வாங்கலாமா?

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி, சின்ன எலசகிரி தெருக்களில் காய்கறிக் கடைகள் இரண்டு வகை. ஒரு வகைக் கடையில் முருங்கைக்காய்க் கட்டும் சின்ன வெங்காயமும் முன்வரிசையில் இருக்கும். இன்னொரு வகையில், வாயைச் சுருட்டிவிட்ட உருளைக்கிழங்கு மூட்டைதான் முதலில் கண்ணில் படும். அதற்குப் பின்னால் கடுகெண்ணெய் பாட்டில், வறுத்த கடலையை அரைத்த ‘சத்து’ மாவு பாக்கெட், மீல் மேக்கர், அவல், கூடையில் கோவைக்காய் போலிருக்கும் பர்வல். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பக்கமிருந்து வந்தவர்கள் நடத்தும் இந்தக் கடைகளைத் தெருக்காரர்கள் ‘பையா கடை’ என்கிறார்கள். ‘அங்கே எல்லாமே மலிவு’ என்று ஒரு கட்சி உண்டு. ‘எல்லாமே மட்டம்’ என்று இன்னொரு கட்சியும் உண்டு. இரண்டு கட்சியும் பாதிதான் சரி.

கடை ஏன் அங்கே வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் வேரூன்றிய ஆலைகள் அக்கம்பக்கத்து மாவட்டங்களின் ஆட்களை இழுத்தன. பிறகு வந்த ஒப்பந்த வேலை முறை வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்களை இழுத்தது. ஓசூர் அருகே உள்ள டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு 2022-இல் ஜார்க்கண்டிலிருந்து இளம்பெண்கள் நூற்றுக்கணக்கில் வேலைக்கு வந்தது செய்தியானது. ஓர் அறையில் நாலைந்து பேர், ஒரே அடுப்பு, இரவு ஷிப்டு. இவர்கள் சமையலுக்கு வேண்டியது உருளை, பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, சுரைக்காய். இவற்றை வாங்க வருகிறவருக்கு வெண்டைக்காயைத் தமிழில் கேட்கத் தெரியாது. ‘பிண்டி’ என்றால் எடுத்துத் தருகிற கடை வேண்டும். சம்பளம் வரும்வரை பொறுக்கிற கடையாகவும் அது இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதி இல்லை. சென்னையின் ‘அண்ணாச்சி கடை’யும் வெளியூர்க்காரர் கடைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தவர்கள் விடியலில் திறந்து நள்ளிரவில் மூடி, அஞ்சு ரூபாய்க்கும் பொட்டலம் கட்டி, நோட்டில் கணக்கெழுதி வளர்த்த தொழில் அது. பாரிஸின் லா ஷப்பேலிலும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் நம்மவர்கள் முருங்கைக்காய் தேடுகிற அதே கணக்கில்தான் பேடரப்பள்ளியில் ஒருவர் பர்வல் தேடுகிறார். குடும்பமே கடையில் நிற்கும், விளம்பரச் செலவு இல்லை, ஏ.சி. இல்லை, லாபம் மெல்லியது. மலிவுக்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் சரக்கு ஓடுகிற வேகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 கிலோ தக்காளிப் பெட்டி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அடக்கம் கிலோ 20. அன்றைக்கே விற்றுத் தீர்ந்தால் கிலோ 24-க்குக் கொடுத்து 360 எடுத்துவிடலாம். மூன்று நாள் கிடந்து 3 கிலோ அழுகினால், மிச்சமுள்ள 12 கிலோவில் அதே 360 எடுக்கக் கிலோ 30-க்கு விற்றாக வேண்டும். பெட்டி ஒன்றுதான், மண்டியும் ஒன்றுதான். தேங்கிய கடையில் வாடிக்கையாளர் கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாடிய பழத்தையும் வாங்குகிறார். ஆகவே ஒரு கடையில் எது மலிவு என்று தெரிய, அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் தினமும் எதைச் சமைக்கிறார் என்று பார்த்தால் போதும்.

தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. பர்வல் விற்கிற கடையில் சின்ன வெங்காயம் வாங்க வேண்டாம். பீகார்க்காரர் சமையலில் அதற்கு வேலை இல்லை. தெருவில் இருக்கிற நாலு தமிழ் வீடுகளுக்காக வாங்கிவைத்த இரண்டு கிலோ, முளைவிட்டபடி ஒரு மூலையில் கிடக்கும். முருங்கைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு போன்றவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதி. பர்வலையும் மலிவு என்று நினைத்து வாங்க வேண்டியதில்லை. பீகார், வங்கம், கிழக்கு உத்தரப்பிரதேசம், ஒடிசா, அசாம் பகுதிகளில் அதிகம் விளைகிற காய் அது. லாரிக்கூலி ஏறி, தோல் கொஞ்சம் சுருங்கித்தான் இங்கே வந்து சேரும். ஊர் நினைப்பில் வாங்குகிறவருக்கு அந்த விலை பொருட்டில்லை. ஆசைக்கு வாங்குவதானால் கெட்டியாக, பச்சையாக, மஞ்சள் ஓடாததாக எடுத்து, கோவைக்காய்ப் பொரியல் பக்குவத்தில் செய்யலாம். விதை முற்றியிருந்தால் வழித்தெடுத்துவிட வேண்டும்.

அங்கே வாங்க வேண்டியவை வேறு. உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் மூட்டை மூட்டையாகத் தீர்வதால் எப்போதும் புதுசு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லியும் அப்படித்தான். தமிழ்க் கடையில் ஓரமாகக் கிடக்கும் கோவைக்காய் இங்கே ‘குந்த்ரு’ என்ற பெயரில் தினமும் ஓடுகிறது. சுரைக்காய், நுரைப்பீர்க்கு, பாகல், சேனை, சேப்பங்கிழங்கு, பப்பாளிக்காய், பலாக்காய், கொடிப்பசலை, செங்கீரை எல்லாம் வங்காளி, ஒடியா, பீகாரி அடுப்புகளில் அன்றாடம் வேகிறவை. பப்பாளிக்காயைக் கூட்டுக்கு வாங்குகிற தமிழ் வீடுகள் குறைவு. அதனால் பல காய்கறிக் கடைகளில் அது வருவதே இல்லை. இங்கே பாலொழுகும் பதத்தில் கிடைக்கும்.

மாலை ஆறரை மணிக்குக் கடையில் நின்றால் விலை எப்படி நடக்கிறது என்பது தெரியும். சீருடை மாற்றாத பையன் ஒருவன், “தஸ் கா மிர்ச்சி, அத்ரக்” என்கிறான். கடைக்காரர் தராசைத் தொடாமலே ஒரு கை மிளகாயும் ஒரு விரல் இஞ்சியும் பையில் போடுகிறார். அடுத்து, அதே தெருவில் குடியிருக்கும் அம்மா.

“பையா, கோவைக்காய் எப்படிப் போடுற?”

“கிலோ அம்பது, அக்கா. பாவ் பதினஞ்சு.”

“கால் கிலோ பன்னெண்டரை ஆகுது. பதினஞ்சா?”

“அரைக் கிலோ எடுங்க அக்கா, இருவத்தஞ்சே குடுங்க.”

அரைக் கிலோ வாங்கினார். கொசுறாக நாலு மிளகாயும் மல்லித்தழையும் விழுந்தன. ‘பாவ்’ என்பது கால் கிலோ. அந்தக் கடைகளில் அதிகம் விற்கிற அளவும் அதுதான். கடைக்காரருக்குச் சில்லறை லாபம் ஒளிந்திருப்பதும் அதில்தான். கிலோ 50 என்றால் கால் கிலோ 15. நாலு தரம் கால் கிலோவாக வாங்குகிறவர் கிலோவுக்கு 60 கொடுத்துவிடுகிறார். அறையில் தனியாகத் தங்கியிருப்பவருக்கு வேறு வழியில்லை. பக்கத்து அறையோடு பேசிவைத்து ஒரு கிலோவாக வாங்கினால் அந்தப் பத்து ரூபாய் மிச்சம். இரண்டு பேர் தங்கும் வீடுகூட உருளை, வெங்காயத்தை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வாங்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் கொட்டக் கூடாது, உருளை சீக்கிரம் முளைத்துவிடும்.

உருளை மூட்டையில் மேலே கிடப்பதை எடுக்காமல், கையை உள்ளே விட்டு எடுப்பது நல்லது. பகல் வெளிச்சமும் இரவு எல்.இ.டி. விளக்கும் படுகிற மேலடுக்குக் கிழங்கு மெல்லப் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த கிழங்கில் சொலனைன் என்ற நச்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாகச் செதுக்கித் தள்ளலாம், கிழங்கே பச்சை என்றால் வேண்டாம். கோவைக்காயில் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே சிவந்திருப்பது தெரியும். சிவந்ததைப் பொரியலுக்குப் போட்டால் புளிப்பாகக் குழைந்துவிடும். வெண்டை நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் கடைக்காரர்களுக்கு ஆகாது. ஒடித்த காயை அடுத்தவர் தொடமாட்டார். லேசாக வளைத்துப் பார்த்தாலே பிஞ்சா முற்றலா தெரியும்.

இரவு ஒன்பது மணியைத் தாண்டினால் கூறு கட்டத் தொடங்குவார்கள். தக்காளி ஒரு கூறு, கத்திரி ஒரு கூறு, எடை கிடையாது. அன்றைய மிச்சத்தை மறுநாளுக்குத் தள்ளாமல் காசாக்குகிற வழி இது. உண்மையிலேயே பெரிய மலிவும் இதுதான். ஏமாற இடமும் இதுதான். கூறின் அடியில் இருப்பதைக் கடைக்காரர் மறைக்கிறாரோ இல்லையோ, கனமான பழம் அடியில்தான் நசுங்கும். ‘கொட்டிப் போடுங்க’ என்று பையில் கவிழ்க்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டால் போதும். அன்றிரவே தொக்கு, சட்னி என்று கிளறிவிடுகிற வீட்டுக்குக் கூறு நல்ல பேரம். வாரத்துக்குச் சேர்த்து வாங்குகிற வீட்டுக்கு அது நஷ்டம்.

நாளும் கிழமையும் விலையில் பேசும். சம்பளம் ஏறுகிற முதல் பத்து நாளும் ஞாயிற்றுக்கிழமைகளும் கூட்டம். சரக்கு புதுசு, பேரத்துக்கு இடமில்லை. மாதக் கடைசியில் அவர்களே விலையைத் தணிப்பார்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் பீகார்க்காரர்களின் சட் பூஜைக்குக் கரும்பு, தேங்காய், வாழைத்தார், சர்க்கரைவள்ளி எல்லாம் இந்தக் கடைகளில் விலை ஏறும். அந்த வாரம் அவற்றை வேறு கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் பாதிப்பேர் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டால், ஓடிய சரக்கு தேங்கும். அப்போது மலிவாகத் தோன்றுகிற கோவைக்காயை இரண்டுமுறை பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, தமிழ்நாட்டின் தொழில் நகரங்களில் பீதி கிளம்பியது. அது வதந்திதான் என்று காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. பீகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்த்தது. கடைத்தெருவில் ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட சிறு கடையின் அன்றாட மூட்டைதான்.

தராசு விஷயத்தில் கடைக்காரர் எந்த மாநிலம் என்பதற்குச் சம்பந்தமே இல்லை. வடக்கத்திக்காரர் எடையில் அடிப்பார் என்று சொல்கிறவர் தன் ஊர்க்காரரின் தராசைப் பார்த்திருக்க மாட்டார். மின்தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. காய் வைக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா, தட்டின் எடை கழிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை போதும். சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. அதே கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி, ‘இதையும் வச்சுக் காட்டுங்க பையா’ என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். கவரோடு சேர்த்து ஒரு கிலோவுக்குச் சில கிராம் மட்டும் கூடக் காட்டினால் தராசு சரி, அதற்கு மேல் காட்டினால் அது எடையைக் கூட்டிக் காட்டுகிற தராசு.

காய்கறியைத் தாண்டி அந்தக் கடையில் இழுக்கிற பொருள் கடுகெண்ணெய். இதில் மட்டும் மலிவைத் தேடக் கூடாது. 1998-இல் தில்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகெண்ணெயில் வேறு சமையல் எண்ணெய் எதையும் கலந்து விற்பதற்கு 2021 ஜூன் 8 முதல் தடை இருக்கிறது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதும் விதிப்படி கூடாது. டின்னிலிருந்து பழைய பாட்டிலில் ஊற்றித் தருவது எவ்வளவு குறைந்த விலையானாலும் வேண்டாம். மூடி உடையாத, அக்மார்க் முத்திரையும் தேதியும் தெளிவாக உள்ள பாட்டில்தான் சரி.

பர்வல், பச்சைப் பட்டாணி, பாகல் போன்றவை கண்ணைப் பறிக்கிற பச்சையில் இருந்தால் சாயமோ என்ற சந்தேகம் நியாயமானது. மாலகைட் கிரீன் என்ற துணிச்சாயத்தில் முக்குகிற கெட்ட பழக்கம் நாட்டின் பல சந்தைகளில் பிடிபட்டிருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினில் பஞ்சை நனைத்துத் தோலில் தேய்த்தால், சாயம் இருந்தால் பஞ்சு பச்சையாகும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே வீட்டுச் சோதனையாகச் சொல்லியிருக்கும் முறை இது. தோலைச் சீவிவிடுகிற சுரைக்காய்க்கும் பப்பாளிக்காய்க்கும் இந்தக் கவலை குறைவு.

விலையை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் மிகப் பரபரப்பான சந்தைகளில் ஓசூருடையதும் ஒன்று. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டி, வெளிச்சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைத்துத் தினமும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். ‘உழவன்’ செயலியிலும் சந்தை விலைகள் வருகின்றன. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரைக்கட்டு, சின்ன வெங்காயம், கத்திரி ஆகியவற்றில் உழவர் சந்தையை பையா கடை வெல்ல முடியாது. ஆனால் உழவர் சந்தை காலை நேரத்துக் காரியம். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவருக்கும், காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கும் அது எட்டாது. இரவு பத்தரை மணிக்குக் காய் கொடுக்கிற கடைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பதைத் தண்டச்செலவு என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போய் வருகிற காசையும் சேர்த்துப் பார்த்தால் பல நாட்களில் தெருக்கடையே மலிவாகிவிடும்.

எல்லாச் சந்தையும் ஒன்றாகக் கைவிரிக்கிற காலமும் வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது சென்னையில் அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. இரண்டே மாதத்தில் விலை சரிந்து விவசாயிகள் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தவித்தார்கள். இந்த இரண்டு நுனிகளிலும் கடையை மாற்றிப் பயனில்லை. ஏறினால் புளியைக் கூட்டி, தக்காளியைக் குறைக்க வேண்டியதுதான். சரிந்தால் தொக்கு கிளறி வைத்துக்கொள்ளலாம்.

தெருக்கடையும் சந்தையும் பார்த்தாயிற்று. இனி காய் விளைகிற பக்கம், ஜவளகிரி. தேன்கனிக்கோட்டை வட்டத்தில், தளியைத் தாண்டி, கர்நாடக எல்லையில் காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர். தளிக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் அங்கே பசுமைக்குடில்களும், இந்தோ-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மையமும் வந்தன. பூ வேலைக்கும் வெளிமாநிலத்து ஆட்கள் வந்தார்கள். சுற்றுப்புறத்து நிலங்களில் ராகி, அவரை, தக்காளி, கோஸ், பீன்ஸ், கொத்தமல்லி. இங்கே விளைகிற காயில் நல்லது பெங்களூருக்குப் போகும், கொஞ்சம் ஓசூர் மண்டிக்கு வரும். ஜவளகிரித் தோட்டத்துக் கோஸ், மண்டிக் கமிஷனும் வண்டிக்கூலியும் சுமந்து சிப்காட் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று கை மாறிவிடுகிறது. அதே கோஸைத் தளிச் சாலையோரத்தில் விவசாயியின் கையிலிருந்தே வாங்கினால் இந்தக் கைகள் எல்லாம் கழிந்துபோகும்.

கோஸுக்காக மட்டும் முப்பது கிலோமீட்டர் பைக்கில் போவது பெட்ரோலுக்குக் கட்டாது. குளிர்காலத்து அவரைக்குப் போகலாம். பெங்களூர்க்காரர்கள் விழாவே எடுக்கிற மொச்சை நிறைந்த அவரை அது. பறித்த அன்று வாங்கினால் உரிக்கும்போதே நெய் வாசம் வரும். பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். காய் நெளிந்திருப்பது குற்றமில்லை. வாங்குகிறவர் விவசாயியிடம் மண்டி விலையைச் சொல்லி அடித்துப் பேசத் தேவையில்லை. மண்டி விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் ஒரு விலை சொன்னால் இரண்டு பேருக்கும் லாபம். தெலுங்கு, கன்னடம், தமிழ் எதில் கேட்டாலும் பதில் வரும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அவரைக் காலமும் ராகி அறுவடையும் வருகிற அதே மாதங்களில்தான் பன்னார்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வனச்சரகத்துக்குள் யானைக் கூட்டங்கள் வருகின்றன. அக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை, புதுச் சரக்கு என்று ஆசைப்பட்டு விடியுமுன் அந்தச் சாலையில் இருசக்கர வண்டியில் போகக் கூடாது. வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்பி, பொழுது சாயுமுன் தளியைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும். வனத்துறையினர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்.